பத்தொன்பது அடி நீளப் படம்!

மதுரை திருமலை நாயக்கர் மகால் ஒரு காலத்தில் பாழடைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னையில் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார்.

அதற்கு முன்பு மகால் எப்படி இருந்தது? 1858-ம் ஆண்டு வெளியான ஒரு படப் புத்தகம் அதை அப்படியே காட்டுகிறது.

புத்தகத்தைத் தயாரித்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர். கம்பெனியின் சென்னைப் படையில் காப்டன். 1856-ல் அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அவர் ஊர் ஊராகப் போனார். தட்டுமுட்டுச் சாமான்கள் மாட்டு வண்டியில் போயின!

மேகம் வரைந்தார்

அப்போது பிலிம் சுருள் கிடையாது. மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். சுமார் 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம். அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதுதான் படமும். ஒரு படம் விழ நெடுநேரம் பிடிக்கும். நடமாடுகிற ஆட்கள் அதில் பதிய மாட்டார்கள். வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் நெகட்டிவைத் தொட்டு மேகங்களை வரைந்து சேர்த்தார். ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லலாம். ஆனால் படம் அழகாக அமைந்துவிட்டது!

எல்லாவற்றிலும் பெரிய வேலை தஞ்சையில் நடந்தது. பெரிய கோவில் விமானத்தின் அடிப்பாகத்தில் கல்வெட்டுகள் சுற்றி ஓடுகின்றன அல்லவா? அவற்றைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி!

1859-ல் சார்லஸ் டிரெவெலியன் கவர்னராக வந்தார். கஜானா இருக்கிற நிலையில் இது ஆடம்பரச் செலவு என்று வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

லண்டன் போக வேண்டுமா?

அன்று அச்சான படங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும், விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியத்திலும் பத்திரமாக இருக்கின்றன. மதுரைக்காரர் தம் ஊர் மகாலைப் பார்க்க லண்டன் போக முடியுமா? 2014-லும் 2015-லும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் டிரைப்பின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். அதையொட்டி ஒரு பெரிய புத்தகமும் வெளிவந்தது.

செல்போனிலும் சில படங்களைப் பார்க்கலாம். ஆனால் 19 அடிப் படம் உள்ளங்கைக்குள் அடங்கினால் என்ன தெரியும்?

இத்தகைய புத்தகங்களுக்கு உயர்ந்த தாள், நேர்த்தியான அச்சு வேண்டும். விலையும் அதற்கேற்ப இருக்கும். சம்பளக்காரக் குடும்பத்துக்கு எட்டாது. நூலகம் ஒரு பிரதி வாங்கினால் ஊரே பார்க்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டியும் பேரனோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

1948-ம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஆகவே இன்ன புத்தகம் வேண்டும் என்று நூலகரிடம் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும் என்று 1954-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இங்கே வெளியாகும் படப் புத்தகங்களுக்கும் அது பொருந்தும். மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டிருக்கிறது. மகால் படங்களை அங்கே கேட்பதைவிடப் பொருத்தம் வேறு என்ன?

படப் புத்தகத்தைச் சரசரவென்று புரட்டக் கூடாது. ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷமாவது கொடுக்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? ஓரத்தில் என்ன இருக்கிறது? இன்று அந்த இடம் எப்படி இருக்கிறது? இப்படிக் கேட்டுக்கொண்டே பார்த்தால் குழந்தைகளும் விடமாட்டார்கள்.

விலை உயர்ந்த பெரிய புத்தகங்களைப் பெரும்பாலும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அங்கேயே மேஜையில் விரித்துப் பார்க்க வேண்டும். கை ஈரமில்லாமல் இருக்கட்டும். பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்துத் திருப்பலாம். எச்சில் தொட்டுப் புரட்டுவது மட்டும் கூடவே கூடாது!