வீடியோ கேமும் தடைக்காலமும்

நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வீடியோ கேம் ஆடினால் அது நோயாகும் என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனம் மணிக்கணக்கில் விடை சொல்லவில்லை. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, ‘விளையாட்டுக் கோளாறு’ என்னும் நிலைக்கு மூன்று அடையாளங்களைத் தருகிறது. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பதில் பிடி தளர்வது முதலாவது. படிப்பையும் உறவையும் உறக்கத்தையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளுவது இரண்டாவது. கேடு கண்ணுக்குத் தெரிந்த பின்னும் ஆட்டம் தொடர்வது மூன்றாவது. இவை வாழ்க்கையைப் பெரிதும் குலைக்கும் அளவுக்கு முற்றி, பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்தால்தான் மருத்துவர் அப்பெயரைச் சொல்லலாம். ஆடுவோரில் சிறு பகுதியினரே இந்த வரையறைக்குள் வருகின்றனர் என்பதால், விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் ஆடிய பிள்ளையை ‘அடிமை’ என்று வீட்டார் ஏசுவதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

பிடி தளர்வது எங்கே என்பதை அறிய ஆட்டத்தின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும். தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரானாலும் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவானாலும், பையன்களின் பேச்சில் அடிபடும் பிஜிஎம்ஐ விளையாட்டில் நூறு பேர் வரை ஒரு தீவில் இறங்குகிறார்கள். நால்வர் சேர்ந்தது ஒரு ஸ்குவாட். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வர, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஒரு மேட்ச் முடிகிறது. நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் பையன் எழாமல் இருப்பதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. கூட்டாளி ஒருவன் அடிபட்டு ‘நாக்’ ஆகிக் கிடக்கிறான், அவனை ‘ரிவைவ்’ செய்து எழுப்ப வேண்டும், பாதியில் வெளியேறினால் மற்ற மூவரும் திட்டுவார்கள், ரேங்க்கும் இறங்கும். மேட்ச் முடிந்தால் எழுந்துவிடலாமே என்றால், அடுத்த மேட்ச்சுக்கான பொத்தான் அதற்குள் திரையில் தயாராக நிற்கிறது. தினமும் வருவோருக்குத் தனிப் பரிசு, சீசன் முடிவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள், திறந்தால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாத ‘கிரேட்’ பெட்டிகள் எனப் பிடித்து நிறுத்தும் கொக்கிகள் வேறு. எத்தனையாவது முயற்சியில் பரிசு கிடைக்கும் என்பது தெரியாதபோதுதான் ஓர் உயிர் சலிக்காமல் முயன்றுகொண்டிருக்கும் என்பதைப் புறாக்களையும் எலிகளையும் வைத்து அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கைபேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே காட்டிவிட்டார்.

மூளையின் பங்கும் இதில் உண்டு. வெகுமதியை எதிர்பார்க்கும்போதும் பெறும்போதும் மூளையில் சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருள், வீடியோ கேம் ஆடும்போதும் சுரப்பதை 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் எட்டு ஆண்களின் மூளையைப் படம்பிடித்துக் காட்டினர். டோபமைன் சுரப்பதாலேயே ஒன்று போதையாகிவிடாது. நல்ல சாப்பாட்டுக்கும் அது சுரக்கும். பதின்பருவத்தின் தனிச்சிக்கல் வேறு: வெகுமதிக்குத் துள்ளும் பகுதிகள் அப்போது மிகுந்த விழிப்போடு இருக்க, பின்விளைவை எண்ணித் தடுக்கும் முன்மூளைப் புறணியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட மூளையிடம் ‘மன உறுதியோடு இரு’ என்று சொல்வதில் எவ்வளவு பயன் உண்டு? ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் வட்டாரத்தில் 205 பேரிடம் நாள் முழுவதும் கருவி மூலம் அவ்வப்போது கேள்வி கேட்டு, வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத விடையைத் தருகிறது. தற்கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று கணிக்கப்பட்டோர் ஆசையோடு மல்லுக்கட்டி வென்றவர்களாக இருக்கவில்லை. மல்லுக்கட்ட வேண்டிய ஆசைகளே அவர்களுக்குக் குறைவாக எழுந்தன. சபலம் தலைகாட்டும் இடங்களை முன்னரே தவிர்த்து, நாளை அதற்கேற்ப அடுக்கி வைத்திருப்பதே அவர்களின் சூட்சுமம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் நடத்திய மிட்டாய்ச் சோதனையிலும், முன்னால் வைத்த மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்து இரண்டாவது மிட்டாய் பெற்ற குழந்தைகள் பலர் கண்ணைப் பொத்தியோ பாட்டுப் பாடியோ மிட்டாயை மறந்தவர்கள்தாம். அச்சோதனையை ஏறத்தாழ 900 குழந்தைகளின் தரவுகளோடு 2018இல் மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும், காத்திருந்த நேரத்துக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் இருந்த தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. வீட்டின் நிலைமையைப் பிள்ளையின் குணமாக எண்ணிப் பழிக்கும் வழக்கத்துக்கு இந்த முடிவு ஒரு நல்ல மருந்து.

பிள்ளைகளின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த அரசுகள் கடிகாரத்தை நம்பின. 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று தென்கொரியா 2011இல் கொண்டுவந்த சட்டம், கைபேசி விளையாட்டுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டது; பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணில் உள்ளே புகுந்தனர்; உறக்கம் கூடியது ஒன்றரை நிமிட அளவே என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பத்தாண்டில் அச்சட்டம் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டிலோ பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளே அரசின் இலக்காயின. அவை குறித்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்குத் தடை, வயதை உறுதிசெய்ய ஆதார் என 2025இல் வந்த விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் உறுதிசெய்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இணையப் பணவிளையாட்டையே நாடு முழுவதும் தடைசெய்தது. பிஜிஎம்ஐ போன்றவை இந்தக் கணக்கில் வரமாட்டா என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

நேரக் கட்டுப்பாடு எங்கே பலிக்கும் என்பதற்கு முத்துக் கடற்கரையே சான்று வைத்திருக்கிறது. தூத்துக்குடியில் 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, சிப்பிகள் வாழும் கடலடிப் பார்களைச் சோதித்து, மாதிரிக்கு எடுத்த சிப்பிகளின் முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்பு நடத்தலாமா என்று அரசு அறிவிக்கும். இன்றும் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்பது தனித்தனி மீனவரின் வைராக்கியத்தால் அன்று; எல்லாப் படகும் ஒன்றாக நிற்பதால், பக்கத்துப் படகுக்காரர் அள்ளிக்கொண்டு போவாரோ என்ற பதற்றம் எழுவதில்லை; நிவாரணத் தொகையும் உண்டு. ஸ்குவாடின் நிலையும் இதுவே. ஒருவன் மட்டும் பத்து மணிக்கு விலகினால் அவன் துரோகி. நால்வரும் ஆடத் தொடங்கும் முன்பே ‘இரண்டு மேட்ச், அவ்வளவுதான்’ என்று பேசி வைத்தால் எவனும் எதையும் இழப்பதில்லை. மேட்ச் நடுவில் விழும் பத்து மணியை விட மேட்ச் கணக்கே பிள்ளைகளுக்கு நியாயமாகப் படும் என்பதால், வீட்டாரும் கடிகாரத்தைக் காட்டிச் சண்டையிடாமல் அந்தக் கணக்கில் பேசலாம். பள்ளிக் கோடை விடுமுறையும் தடைக்காலமும் ஒன்றாக வரும் மீனவர் வீடுகளில், தந்தையும் மகனும் ஒருசேர வீட்டில் இருக்கும் அந்த வாரங்களே இப்பேச்சுக்குத் தோதான காலம்.

பிடி உண்மையாகவே கைவிட்டுப் போனோருக்கு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது. ஆட்டத்தின் பின்னே மனச்சோர்வோ பதற்றமோ தனிமையோ ஒளிந்திருப்பது உண்டு. அவ்வாறிருந்தால் கைபேசியைப் பிடுங்குவது பிள்ளைக்கு இருந்த ஒரே புகலிடத்தைப் பிடுங்குவதாகிவிடும். தூக்கம் தலைகீழாகி, பள்ளிக்குப் போவதே நின்று, பிடுங்கினால் வன்முறை என்ற நிலை வந்துவிட்ட வீட்டார், பெங்களூரு வரை போவதற்கு முன்பே அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.