யூக்கி சுனோடா: கார்ட்டிங் திடலிலிருந்து ஃபார்முலா 1 வரை ஏறிய படிகள்

2021 மார்ச் 28ஆம் தேதி பஹ்ரைனில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் 20 வயது ஜப்பானிய இளையர் ஒருவர் ஒன்பதாவதாக வந்து இரண்டு புள்ளிகளைப் பெற்றார். அவர் யூக்கி சுனோடா. முதல் பந்தயத்திலேயே புள்ளி பெற்ற முதல் ஜப்பானிய வீரர் அவர்தான். 2000ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களில் ஃபார்முலா 1இல் முதலில் களமிறங்கியவரும் அவரே.

2014இல் கமுய் கோபயாஷி விலகிய பிறகு ஆறு ஆண்டுகளாக எந்த ஜப்பானியரும் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டவில்லை. அந்த இடைவெளியைச் சுனோடா எப்படி நிரப்பினார் என்பதைப் பார்த்தால், இளம் பந்தய வீரர்கள் ஏற வேண்டிய படிகளும் ஒவ்வொரு படியிலும் காத்திருக்கும் ஆபத்தும் தெளிவாகும்.

படிக்கட்டு எப்படி அமைந்துள்ளது?

பெரும்பாலான வீரர்கள் சிறு வயதில் கார்ட்டிங்கில் தொடங்குகிறார்கள். அடுத்தது ஃபார்முலா 4. அதன் பிறகு ஃபார்முலா 3, ஃபார்முலா 2. இவை எல்லாம் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, சக்கரங்கள் வெளியே தெரியும் கார்கள். சுனோடா ஓட்டிய காலத்தில் ஜப்பானின் ஃபார்முலா 4 காருக்கு ஏறக்குறைய 160 குதிரைத்திறன் இருந்தது. ஃபார்முலா 3 காருக்கு 380. ஃபார்முலா 2 காருக்கு 620.

ஃபார்முலா 3, ஃபார்முலா 2 போட்டிகளில் எல்லா அணிகளுக்கும் ஒரே வகைக் கார், ஒரே வகை எஞ்சின், ஒரே வகை டயர். எனவே வீரரின் திறமையும் அணியின் அனுபவமும் மட்டுமே வேறுபாட்டைக் காட்டும். ஃபார்முலா 1 அணிகள் இப்போட்டிகளைக் கூர்ந்து கவனிப்பதற்கு அதுவே காரணம்.

வேகம் மட்டும் போதாது. ஃபார்முலா 1இல் ஓட்ட 'சூப்பர் லைசென்ஸ்' எனும் உரிமம் தேவை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஃபார்முலா 4 தொடரில் வெற்றியாளராக வந்தால் 12 புள்ளிகள், ஃபார்முலா 3 வெற்றியாளருக்கு 30. ஃபார்முலா 2இல் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்தால் 40 புள்ளிகளும் கிடைத்துவிடும்.

கைநழுவிய உதவித்தொகை

2000 மே 11ஆம் தேதி கனகாவா மாநிலத்தின் சகமிஹாரா நகரில் பிறந்த சுனோடா, நான்கு வயதில் கார்ட்டிங் ஓட்டத் தொடங்கினார். 2016இல் ஹோண்டாவின் ஆதரவில் இயங்கும் சுஸூக்கா பந்தயப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு சிறப்பாகத் தேர்ச்சி பெறுவோருக்கு ஃபார்முலா 4இல் ஓட்ட உதவித்தொகை கிடைக்கும். சுனோடாவுக்கு அது கிடைக்கவில்லை.

பணம் கொழிக்கும் இந்த விளையாட்டில் பலருடைய பயணம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். ஆனால் பள்ளியின் தலைவராக இருந்த சத்தோரு நகஜிமா, சுனோடாவிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டு ஹோண்டாவிடம் பரிந்துரைத்தார். நகஜிமா சாதாரண ஆசிரியர் அல்லர். 1987இல் லோட்டஸ் அணியில் அயர்ட்டன் சென்னாவுக்கு இணையாக ஓட்டிய அவர்தான் ஜப்பானின் முதல் முழுநேர ஃபார்முலா 1 வீரர். அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

ஹோண்டாவின் ஆதரவுடன் 2017இல் ஜப்பானிய ஃபார்முலா 4 தொடரில் மூன்றாம் இடம் பிடித்த சுனோடா, 2018இல் பட்டத்தை வென்றார். அப்போது ஹோண்டா ஃபார்முலா 1இல் ரெட் புல் நிறுவனத்துடன் கைகோத்திருந்தது. அந்த உறவு, ரெட் புல் இளையர் திட்டத்தின் கதவை அவருக்குத் திறந்துவிட்டது.

ஒரே ஆண்டில் மாறிய நிலை

2019இல் சுனோடா ஐரோப்பாவுக்கு வந்தார். பழக்கமில்லாத தடங்கள், புதிய மொழி, புதிய டயர். ஃபார்முலா 3இல் அவருக்குக் கிடைத்த ஜென்சர், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சிறிய அணி. அவ்வாண்டு பட்டியலின் முதல் மூன்று இடங்களையும் பிரேமா அணியின் வீரர்களே பிடித்தனர். அவர்களில் மூன்றாவதாக வந்தவர் இந்தியாவின் ஜெஹான் தாருவாலா. சுனோடா ஒன்பதாம் இடம். ஆனால் பருவத்தின் பிற்பகுதியில் வேகம் பிடித்து, இத்தாலியின் மோன்சா தடத்தில் ஒரு பந்தயத்தை வென்றார். சிறிய அணியில் கிடைத்த அந்த வெற்றி கவனிக்கப்பட்டது.

2020இல் ஃபார்முலா 2 போட்டியில் சுனோடாவும் தாருவாலாவும் கார்லின் அணியில் இணைந்தனர். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 போட்டியில் ஓட்டியதும் இதே அணிக்காகத்தான்.

ஒரே அணி, ஒரே வகைக் கார், இருவருமே ரெட் புல் இளையர்கள். முந்தைய ஆண்டின் பட்டியலைப் பார்த்தால் தாருவாலாதான் முன்னிலையில் இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. சுனோடா மூன்று பந்தயங்களில் வென்று மூன்றாம் இடத்தைப் பிடித்தார். தாருவாலா 12ஆம் இடத்தில் முடித்தார்.

டயரைக் காப்பாற்றும் கலை

ஃபார்முலா 2இல் வேகமாக ஓட்டுவதைவிடக் கடினமானது டயரைத் தேயாமல் காப்பது. அந்த ஆண்டுதான் 18 அங்குலச் சக்கரங்கள் அறிமுகமாயின. பழைய அனுபவம் எவருக்கும் முழுமையாகக் கைகொடுக்கவில்லை. தொடக்கச் சுற்றுகளில் டயரைச் சூடாக்கிவிட்டால் கடைசிச் சுற்றுகளில் கார் வழுக்கும். அவசரக்காரர் தோற்பார். மேலும் ஃபார்முலா 2 காரில் பவர் ஸ்டியரிங் கிடையாது. ஏறக்குறைய 160 சென்டிமீட்டர் உயரமுள்ள சுனோடா அந்தக் கனமான ஸ்டியரிங்கைக் கைவலிமையால் திருப்ப வேண்டியிருந்தது.

அவருடைய முன்னேற்றம் பஹ்ரைனில் நடந்த கடைசி இரு வாரங்களில் தெரிந்தது. முதல் வாரத் தகுதிச் சுற்றில் கார் சுழன்று, கடைசி வரிசையிலிருந்து புறப்பட வேண்டிய நிலை. டயரைப் பொறுமையாகக் காத்து ஆறாவதாக முடித்தார். அடுத்த வாரம் முதல் இடத்திலிருந்து புறப்பட்டு முக்கியப் பந்தயத்தை வென்றார்.

பட்டம் 215 புள்ளிகளுடன் மிக் ஷூமாக்கருக்குச் சென்றது. கேலம் ஐலட் 201, சுனோடா 200. ஒரு புள்ளியில் இரண்டாம் இடம் தவறினாலும், உரிமத்துக்குத் தேவையான 40 புள்ளிகள் கைக்கு வந்தன. சிறந்த புதுமுகத்துக்கான விருதும் அவருக்குக் கிடைத்தது.

அந்த மூன்றாம் இடத்தின் அருமையை உணர இன்னொரு செய்தியையும் நினைவுகூர வேண்டும். 2021 இறுதியில் ஃபார்முலா 1இலிருந்து விலகப்போவதாக ஹோண்டா 2020 அக்டோபரில் அறிவித்திருந்தது. தன்னை வளர்த்த நிறுவனம் வெளியேறும் நேரத்தில், முடிவுகளைத் தவிர சுனோடாவிடம் வேறு சிபாரிசு இல்லை. டிசம்பரில் ஆல்ஃபாடௌரி அணி அவரை ஒப்பந்தம் செய்தது.

படிக்கட்டு அங்கு முடியவில்லை

நல்ல தொடக்கத்துக்குப் பிறகு 2021இல் விபத்துகள் தொடர்ந்தன. நேரடிக் கண்காணிப்பில் பயிற்சி பெறுவதற்காக, இங்கிலாந்திலிருந்து அணியின் தலைமையகம் உள்ள இத்தாலியின் ஃபயென்சா நகருக்கு அவரை ரெட் புல் குடியேறச் செய்தது. ஒழுங்கான உடற்பயிற்சி, பொறியாளர்களுடன் கூடுதல் நேரம். பலன், ஆண்டின் கடைசிப் பந்தயமான அபு தாபியில் நான்காம் இடம்.

2025 ஏப்ரலில், சுஸூக்காவில் நடந்த ஜப்பான் கிராண்ட் பிரீயில் ரெட் புல்லின் முதன்மை அணிக்காகக் களமிறங்கினார் சுனோடா. ஆனால் எதிர்பார்த்த புள்ளிகள் வரவில்லை. 2026ஆம் ஆண்டுக்கு அந்த இருக்கை இசாக் ஹஜாருக்குச் சென்றது. சுனோடா மாற்று வீரராக்கப்பட்டார்.

பிள்ளைகளைக் கார்ட்டிங் திடலுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் கவனிக்க வேண்டியது இதுதான். உதவித்தொகை கிடைக்காதது சுனோடாவின் முடிவாக அமையவில்லை; ஃபார்முலா 1 இருக்கை கிடைத்தது நிரந்தரமாகவும் அமையவில்லை. ஒவ்வொரு படியிலும் புதிய காரை, புதிய டயரைக் கற்றுக்கொள்ளும் வேகமே அவரை மேலே கொண்டு சென்றது.