கைக்குப் பட்டம் உண்டு, காலுக்கு இல்லை

காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர்களில் முள் குத்தாத கால் கிடையாது. ரப்பர் செருப்பையும் துளைத்து ஏறும் முள் அது. உணர்ச்சியுள்ள கால் என்றால் அங்கேயே உட்கார்ந்து பிடுங்கிப் போட்டுவிடலாம். வருடக்கணக்கில் சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். முள் ஏறியதே தெரியாமல் நாள் முழுக்க அதை மிதித்து நடப்பார். செருப்பில் ஈரம் ஒட்டும்போதோ, வாடை வருகிறதென்று வீட்டில் யாராவது சொல்லும்போதோதான் புண் கண்ணில் படும். சீழ் எலும்பைத் தொட்டபின் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனால், விரலை மட்டும் இழந்து தப்பிப்பவர் அதிர்ஷ்டசாலி. சர்க்கரையால் கால் இழப்பவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் முதலில் வந்தது ஆறாத ஒரு புண்தான்.

அந்தப் புண் யாருடைய பொறுப்பு? சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றுவார். சர்ஜன் சீழை வெட்டி எடுப்பார். ரத்தக்குழாய் அடைப்புக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், தினமும் கட்டு மாற்ற டிரெஸ்ஸர். எல்லோரும் உண்டு, காலை முழுதாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர் இல்லை.

அமெரிக்காவில் அதற்கென்றே பாத மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான்கு ஆண்டு தனிக் கல்லூரி, பிறகு மருத்துவமனையில் மூன்று ஆண்டு உறைவிடப் பயிற்சி. அறுவைச் சிகிச்சையும் செய்வார்கள். ஆனால் அந்தப் பயிற்சிக்கு அங்கீகாரம் தருவது சிபிஎம்இ என்ற தனிக் குழு. மற்ற டாக்டர்களின் பயிற்சியை அங்கீகரிப்பது ஏசிஜிஎம்இ. தனி மருத்துவ மரபில் வந்த ஆஸ்டியோபதி டாக்டர்களும் ஒருகாலத்தில் தனியாகத்தான் இருந்தார்கள். 2014-ல் உடன்பாடு கண்டு, 2020-க்குள் ஏசிஜிஎம்இ-யின் கீழ் வந்துவிட்டார்கள். பாத மருத்துவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். ஒரே மருத்துவமனை, ஒரே ஆபரேஷன் தியேட்டர், இரண்டு அங்கீகாரம். காப்பீட்டிலும் அவர்கள் தனிதான்: ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் பாத மருத்துவம் இன்றும் கட்டாயச் சேவை இல்லை. தருவதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம். காலின் தரத்தைக் கால் தெரிந்தவர்களே வகுக்க வேண்டும் என்பது தனியாக இருப்போரின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் தனித்து நிற்பதன் விலையைக் கடைசியில் கொடுப்பது நோயாளிதான் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் நிலைமை இன்னும் பின்னால். 2021-ல் வந்த துணைநிலை மருத்துவத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் 'போடியாட்ரிஸ்ட்' என்ற பெயர் இடம்பெற்றுவிட்டது. ஆனால் டாக்டர்களுக்கான தேசிய மருத்துவ ஆணையத்தின் பட்டப்படிப்புகளில் அப்படியொரு துறை கிடையாது. கைக்கு எம்.சிஎச். பட்டம் உண்டு, சென்னை ஸ்டான்லியில் கை அறுவைக்குப் பேர்பெற்ற துறையே இருக்கிறது. காலைக் காக்கக் கற்க விரும்பும் இளம் டாக்டர், கொச்சி அமிர்தா, பெங்களூரு கர்நாடக நாளமில்லாச் சுரப்பி ஆய்வு நிறுவனம் போன்ற சில இடங்களைத்தான் தேடிப்போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பணியிடம் உருவாக அங்கீகரித்த பட்டம் வேண்டும். பட்டம் இல்லாததால் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லாத ஆளைக் காரியாபட்டிக்கு யார் அனுப்புவது?

இத்தனைக்கும் மரத்துப்போன பாதத்தைக் காக்கும் அறிவின் பெரும்பகுதி நம் மண்ணில் விளைந்தது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சிஎம்சியிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் கால்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தார். வலி தெரியாத இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருப்பதால்தான் புண் வருகிறது என்பதை அங்கே கண்டார்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பு அதிலிருந்து பிறந்தது. பாதத்தோடு ஒட்டி வார்க்கும் மாவுக்கட்டை 1930-களிலேயே இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் தொழுநோய்ப் புண்ணுக்குப் போட்டிருக்கிறார். எடை முழுப் பாதத்துக்கும் பரவ, புண் மேல் விழும் சுமை குறையும். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட் இந்த முறைகளையும் கொண்டு சென்றார். சர்க்கரைப் புண்ணுக்கு இன்று உலகின் பல இடங்களில் போடுவது அந்த மாவுக்கட்டுதான்.

தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் கால் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையம்வரை கொண்டுவந்தது நல்ல காரியம். பரிசோதனையும் எளிது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பெருவிரல் நுனியிலும் பாதத்தின் முன்மேட்டிலும் வைத்து, "தெரியுதாம்மா?" என்று கேட்பார் நர்ஸ். சில நிமிட வேலை. அவர் 'உணர்வு இல்லை' என்று எழுதிய பிறகு அந்தக் காலை வாங்கிக்கொள்ளும் டாக்டர் வேண்டும்.

அந்த டாக்டரைப் புதுக் கல்லூரி கட்டித்தான் உருவாக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவ முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. பொது அறுவை, எலும்பு, பொது மருத்துவம் படிப்பவர்களுக்கு அதில் சில வாரங்களைக் கால் கிளினிக்கிற்கு ஒதுக்கி, எத்தனை புண்ணைச் சுத்தம் செய்தார்கள், எத்தனை மாவுக்கட்டு போட்டார்கள் என்ற பதிவைத் தேர்வுக்கு முன் கேட்கலாம். அதற்கு மேல் விரும்புவோருக்கு தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த பட்டம். கூடவே துணைநிலை ஆணையம் பதிவு செய்யும் போடியாட்ரிஸ்டுகள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. இந்த வட்டாரத்துக்கான முதல் கிளினிக்கை அங்கேயே தொடங்கலாம்.