சுவரைக் கேட்டு நிறம் பூசுங்கள்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடலைப் படம் பிடிப்பதைவிட அதிகமாகச் சுவர்களைத்தான் படம் பிடிக்கிறார்கள். மஞ்சள் காவிச் சுவர், வெள்ளை விளிம்பு, மேலிருந்து சரிந்து தொங்கும் காகிதப்பூக் கொடி. ஊர் திரும்பியதும் தங்கள் பழைய வீட்டுக்கும் இப்படி ஒரு நிறம் பூசினால் என்ன என்று தோன்றிவிடுகிறது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் காரைக்காலிலும் தாத்தா காலத்து வீட்டை வைத்திருக்கும் பலருக்கு இந்த ஆசை உண்டு.

நல்ல ஆசைதான். பழைய வீடு என்றாலே இடித்துக் கட்டுவதைப் பற்றிப் பேசுகிற காலம் இது. அந்த வீட்டுக்குப் புதிதாக நிறம் பூச ஒருவர் நினைக்கிறார் என்றால், அதில் இன்னும் பல வருஷம் வாழ நினைக்கிறார் என்று பொருள். ஆனால் பெயின்ட் கடையில் வண்ண அட்டையை விரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டுச் சுவர் எதனால் ஆனது, அது எதைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். பழைய வீட்டில் நிறம் நிலைப்பதும் உரிவதும் சுவரைப் பொறுத்தது.

உப்பு ஏன் பூக்கிறது?

நம் கடலோர ஊர்களின் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை. சிமென்ட் வீடுகளில் உள்ளதுபோல ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு அவற்றின் அஸ்திவாரத்தில் கிடையாது. தரையின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். இப்படி ஏறுவதும் காய்வதுமாகவே அந்தச் சுவர்கள் நூறு வருஷம் நின்றிருக்கின்றன.

இதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் எமல்ஷனையோ சிமென்ட் பூச்சையோ ஏற்றினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. அதோடு வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருத்து, பூச்சையே வெளியே தள்ளுகிறது. முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ பெயின்ட் கொப்பளித்து, தொட்டால் பொடியாக உதிர்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த பொங்கலுக்கு அதன்மேல் இன்னொரு கோட் அடிப்போம். அதற்கடுத்த பொங்கலுக்குள் அதுவும் உதிரும்.

சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சதுர அடி கண்ணாடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. அப்படியானால் முதல் செலவு பெயின்ட்டுக்கு ஆகக் கூடாது. ஓட்டு ஒழுக்கு, உடைந்த மழைநீர்க் குழாய், சுவரோரம் தேங்கும் தண்ணீர் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். பழைய பிளாஸ்டிக் பூச்சைச் சுரண்டி எடுத்து, உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையாலேயே ஒட்டுப்போட வேண்டும்.

சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயின்ட்டில், முக்கியமாகக் கதவு ஜன்னலில், ஈயம் இருக்கக்கூடும். நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கடலே தரும் வெள்ளை

கடற்கரை நிறங்களில் முதன்மையானது வெள்ளை. அந்த வெள்ளைக்காக நாம் எங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. நம் கரையோர வீடுகளுக்குக் காலங்காலமாகச் சிப்பிச் சுண்ணாம்புதான் பூச்சு. சிப்பியைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, சுவரில் அடிக்கிறோம். காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, சுண்ணாம்பு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. சிப்பி எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள். புட்டியில் வரும் எந்த வெள்ளைக்கும் இல்லாத ஒரு மென்மை இதற்கு உண்டு. இந்தப் பூச்சு பளபளக்காது. வெயிலைச் சிதறடித்து அறைக்குள் பரப்பும்.

இந்த வெள்ளையில்தான் மற்ற நிறங்களைக் கரைக்க வேண்டும். ஆனால் எல்லா நிறமும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. மண்ணிலிருந்து வரும் மஞ்சள் காவியும் செங்காவியும் தாங்கும். நீலத்தில் அல்ட்ராமரின் தாங்கும். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் நிறமிழந்துவிடும். துணிக்குப் போடும் திரவ நீலத்தைச் சுவருக்கு நம்ப வேண்டாம். வாங்கும்போதே 'சுண்ணாம்பில் நிற்குமா?' என்று கேட்டு வாங்குங்கள்.

பச்சை கலந்த கடல்நீலம் வேண்டுமென்றால் அதற்குப் பழைய வழி மயில்துத்தம். தோட்டப் பயிர்களுக்குப் போர்டோ கலவை அடித்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் வானநீலம் அது. துத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியில் தனியாகக் கரைத்து, வடிகட்டிய சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. துத்தத்திலுள்ள செம்பு இரும்பின்மேல் படிந்துவிடும். துத்தம் நஞ்சு என்பதால் கையுறை போடுவதும் மிச்சத்தைக் கிணற்றோரம் கொட்டாமல் இருப்பதும் கட்டாயம்.

எந்தக் கடலின் நிறம்?

கடற்கரை வீடு என்று இணையத்தில் தேடினால் வருபவை பெரும்பாலும் மாலத்தீவின் படங்களும் கிரேக்கத் தீவுகளின் படங்களும். பளிங்குப் பச்சைத் தண்ணீர், பால் வெள்ளை மணல். நம் வங்கக் கடலின் நிறம் அதுவல்ல. வடகிழக்கு மழை விட்டதும் கரையோரம் செம்மண் கலங்கிப் பழுப்பாக இருக்கும். தை, மாசியில் தெளிந்து சாம்பல் கலந்த பச்சையாகும். மணல் வெளிர் தவிட்டு நிறம். அதன்மேல் படரும் அடும்புக் கொடியின் பூ ஊதா கலந்த ரோஜா நிறம். சவுக்குத் தோப்பின் பச்சையில் புழுதி கலந்திருக்கும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் பள்ளங்களின் சிவப்பு, கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகளின் நீலம், மஞ்சள், சிவப்பு, அடுக்கடுக்காகக் கிடக்கும் வலைகளின் பச்சை. நம் வீட்டுக்கு வேண்டிய நிறங்கள் எல்லாமே இதில் இருக்கின்றன.

இப்படித் தேர்ந்தெடுப்பதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. பழைய வீட்டின் தரை பெரும்பாலும் சிவப்பு சிமென்ட் அல்லது ஆத்தங்குடிக் கல். தூணும் நிலையும் தேக்கு. செம்மண்ணையும் மணலையும் சாம்பல் பச்சையையும் அவை உடனே ஏற்றுக்கொள்ளும். பளிச்சென்ற மாலத்தீவுப் பச்சையைச் சிவப்புத் தரைக்குப் பக்கத்தில் சுவர் முழுக்க அடித்தால் இரண்டும் மோதும். பிறகு சுவரை விட்டுவிட்டுத் தரையைப் பெயர்த்து வெள்ளை டைல்ஸ் போடச் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து மெருகேறிய தரையைப் பெயர்த்தால் திரும்பச் செய்வது கடினம்.

எங்கே வெளிர், எங்கே அடர்த்தி?

நம் ஊர் வெயிலில் பெரிய பரப்புக்கு வெளிர் நிறமும் சிறிய பரப்புக்கு அடர் நிறமும் பூசினால்தான் வீடு துலங்கும். நான்கு சுவரும் அடர் நீலமானால் ஜன்னல் சிறிதாக உள்ள பழைய அறை குகையாகிவிடும்.

முற்றத்தைச் சுற்றிய சுவர்களுக்குச் சுத்த வெள்ளை போதும். வீட்டுக்கே வெளிச்சம் அங்கிருந்துதான் போகிறது. அந்தச் சுவர் எந்த நிறமோ அந்தச் சாயலில்தான் கூடமும் தாழ்வாரமும் ஒளிரும். வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவே உள்ள ரேழி எப்போதும் இருட்டு. அங்கே நீலம் வேண்டாம். வெளிர் மஞ்சள் காவி அடித்தால் பகலில் விளக்குப் போடாமலே முகம் தெரியும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் உத்தரங்களுக்கு நடுவே உள்ள பகுதிக்கு, துளி நீலம் கலந்த வெள்ளை அடித்தால் கூரை உயரமாகத் தோன்றும்.

அடர் நிறங்களை வைக்க வீடே இடம் தருகிறது. விளக்கு மாடத்தின் உட்புறம், அலமாரியின் பின்சுவர், திண்ணைக்குப் பின்னால் உள்ள சுவர், ஜன்னல் கதவுகள். மாடத்துக்குள் மட்டும் படகு நீலத்தை அடித்து, அதில் ஒரு பித்தளை விளக்கை வைத்துப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளையாக இருப்பதால் ஒரு முழ அகலத்து நீலம் அறை முழுவதற்கும் போதுமானதாக இருக்கும். அடும்புப் பூ நிறத்தை மெத்தை உறைக்கோ திரைக்கோ வைத்துக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே வழி. கோரைப் பாயும் கைத்தறித் துணியும் மணல் நிறத்தைத் தானாகவே கொண்டு வந்துவிடும்.

தேக்கின்மேல் பெயின்ட் வேண்டாம். ஜன்னல் கம்பிக்குத்தான் பெயின்ட் அவசியம். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவை முழுக்கத் தேய்த்தெடுத்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்த பிறகே எனாமல் அடிக்க வேண்டும்.

மட்டையும் பொறுமையும்

சுண்ணாம்பு அடிப்பதற்கு அவசரம் ஆகாது. நீற்றிய சுண்ணாம்பைச் சில நாள் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். வஜ்ஜிரமோ கஞ்சியோ சேர்ப்பது வழக்கம். நிறப்பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் காய்ந்தபின் கையில் ஒட்டும். சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, வெள்ளையடிக்கும் மட்டையால் மெல்லிசாக மூன்று கோட்டாவது அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் வெடித்து உதிரும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். காய்ந்ததும் பல மடங்கு வெளிறும். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் சுவரிலேயே ஒரு முழம் அடித்து, காயவிட்டு, காலையிலும் உச்சி வெயிலிலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் காயாது, சித்திரை வெயிலில் சட்டென்று காய்ந்து பொடியாகும். மழை விட்டு வெயில் ஏறாத நாட்களே சரியான காலம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

வீட்டைத் தாண்டி வீதிக்கு

வெனிஸ் பக்கத்து மீனவத் தீவான புரானோவில் ஒவ்வொரு வீடும் ஒரு நிறம். வீட்டுக்குப் புது நிறம் பூச அங்கே உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். புதுச்சேரியில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளின் முகப்புகளைப் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வரிசையாகச் சீரமைத்தது; அந்த வீதிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. திண்ணையும் மரத்தூணும் தெருவைப் பார்த்தபடி ஒரே சீராக நிற்பதை இன்றும் பார்க்கலாம். அதே ஊரில், 1870-களில் கடலைப் பார்த்துக் கட்டிய மேரி என்னும் நகர்மன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மறுபடி கட்டித் திறக்க 2021 ஆயிற்று. அரசுக் கட்டடம் என்பதால் திரும்பக் கட்ட ஆட்கள் இருந்தார்கள், பணம் இருந்தது. நம் வீடு விழுந்தால் அந்த இடத்தில் வரப்போவது அடுக்குமாடிதான்.

ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடிக்கிற வீட்டில் எந்தச் சுவரில் விரிசல், எந்த மூலையில் ஒழுக்கு என்பது ஆண்டுக்கொரு முறை கண்ணில் படும். சின்னச் செலவிலேயே சரிசெய்துவிடலாம். பத்து வருஷம் உழைக்கும் என்று விற்கும் பெயின்ட், அந்தப் பத்து வருஷமும் சுவரை நாம் பார்க்காமல் செய்துவிடுகிறது. எனவே வருகிற தை மாதம் ஒரே ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்து, அந்த வேலையை வீட்டு இளையவர் ஒருவரும் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். வேலை தெரிந்த கை இருக்கும்வரை பழைய வீட்டுக்கு எந்த நிறமும் கைக்கெட்டும் தூரம்தான்.