கையெழுத்தா பயிற்சி?

“பயிற்சி தானே? அதெல்லாம் நடந்துச்சு அண்ணே! கையெழுத்து கூடப் போட்டோமே!”

வாயிற் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கிய நம்மிடம் தையல் தொழிலாளி ஒருவர் இப்படிச் சொன்னார். ஆலையின் பெயர் வேண்டாம். சாப்பாட்டு வேளையில் ஒரு பதிவேடு சுற்றி வந்ததாம். பெயருக்கு நேரே ஒப்பமிட்டார்களாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டினார்களாம். ஐந்தே நிமிடத்தில் பணியிட வன்முறையைத் தடுக்கும் பயிற்சி முடிந்துவிட்டது! என்னே வேகம்! கூலி உயர்வு கேட்டால் மட்டும் இந்த வேகத்தைக் காணோம்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1992-இல் ராஜஸ்தானத்தில் குழந்தை மணத்தைத் தடுக்கப் போன ஊழியை ஒருவருக்கு நேர்ந்த கொடுமையை ஒட்டி, உச்ச நீதிமன்றம் 1997-இல் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. அது நாடாளுமன்றத்தின் சட்டமாக 2013 வரை, பதினாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று! பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலும் உள்ளகக் குழு வேண்டும், ஊழியருக்கு அவ்வப்போது பயிலரங்கு நடத்த வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பெண்களுக்கு மட்டுமா? 2019-இல் ஜெனிவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, ஆண் பெண் அனைவருக்குமே வன்முறையற்ற பணியிடம் உரிமை என்கிறது. பயிற்சி தருவதை முதலாளியின் கடமை ஆக்குகிறது.

ஏட்டில் எல்லாம் உண்டு. ஆலைக்குள்?

2021 ஜனவரி. திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் தைத்துக் கொண்டிருந்த ஓர் இளம்பெண், தாழ்த்தப்பட்ட குடும்பத்துத் தங்கை, பிணமாகக் கிடைத்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானவர் யார் தெரியுமா? அவருக்கு வேலை பிரித்துக் கொடுத்த மேற்பார்வையாளர்! நெடுநாள் தொல்லையைத் தாங்கிக் கொண்டிருந்தாள் என்று குடும்பத்தார் குமுறினர். யாரிடம் சொல்வது? சொன்னால் வேலை போகும். வேலை போனால் அடுப்பு அணையும். அந்த அச்சத்துக்கு எந்தச் சுவரொட்டி மருந்தாகும்?

பெண்கள் தலைமையேற்று நடத்தும் சங்கம் ஒன்று அந்தச் சாவை மறக்க விடவில்லை. வழக்கமான இரங்கல் கூட்டத்தோடு நில்லாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ பிறந்தது. ஆலை நிர்வாகம் மட்டுமல்ல, அங்கே துணி வாங்கிய எச் அண்ட் எம் போன்ற அயல்நாட்டு நிறுவனங்களும் கையெழுத்திட்டன. இதுவும் கையெழுத்துத்தான், தோழர்களே! ஆனால் மீறினால் ஆர்டர் போகும் என்ற நிலையில் முதலாளியிடம் வாங்கிய கையெழுத்து!

அங்கே பயிற்சி எப்படி? சங்கம் தொழிலாளர்களிலிருந்தே ஆள் பொறுக்கிக் கண்காணிப்பாளராகப் பழக்கியது. மேற்பார்வையாளரும் பாடம் கேட்க வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. முதலாண்டில் 185 புகார்கள் வந்தன. மிகப் பெரும்பாலானவை தீர்ந்தன. ‘ஐயோ, அத்தனை புகாரா! ஆலை கெட்டுவிட்டதே’ என்பார் சிலர். அல்ல! அதுவரை தொண்டைக்குள் கிடந்தவை வெளியே வந்தன. புகாரே இல்லாத ஆலையைப் பார்த்தால் நமக்குத்தான் நெஞ்சு திடுக்கிடுகிறது.

கொலை ஒரே நாளில் முளைப்பதில்லை. ‘டார்கெட்’ முடியவில்லை என்று ஒரு வசை. பிறகு சாதியைச் சொல்லி ஒரு கேலி. பிறகு விடுப்பு மறுப்பு. பிறகு தோளில் ஒரு கை. பிறகு பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பு. ஒவ்வொரு படியிலும் யாரோ பார்த்துக் கொண்டுதானே இருந்தார்கள்? முதற்படியிலேயே இனங்காணக் கற்பிப்பதுதான் பயிற்சி. நாள், நேரம், சொன்ன சொல், கண்ட சாட்சி இவற்றைக் குறித்து வைப்பது. யாரிடம், எப்படிப் புகார் சொல்வது என்பது. சொன்னவளைத் தனியே விடாதிருப்பது.

ஆண் தோழர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நிறைய உண்டு! மேற்பார்வையாளர் ஒரு பெண்ணை வசைபாடும்போது அடுத்த எந்திரத்தில் தலை குனிந்து தைத்துக் கொண்டிருப்பவர் நாம்தானே? சட்டையைப் பிடிக்கச் சொல்லவில்லை. கைகலப்பு வந்தால் முதலில் வேலை போவது அவளுக்குத்தான். நூல் கேட்கிற சாக்கில் எழுந்து பக்கத்தில் போய் நில்லுங்கள். பிறகு அவளிடம், ‘என்னம்மா செய்யலாம்?’ என்று கேளுங்கள். மேடையில் வீரம் பேச நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இப்படி எழுந்து நிற்கத்தான் கற்க வேண்டியிருக்கிறது — இதை எழுதுகிற நாமும் சேர்த்துத்தான்.

அடுத்த வாயிற் கூட்டத்தில் நிர்வாகத்திடம் கேளுங்கள்: உள்ளகக் குழுவில் இருப்பவர் யார் யார்? கடைசியாக அது கூடியது என்றைக்கு? பயிற்சி வேலை நேரத்தில், கூலி பிடிக்காமல் நடக்குமா? மேற்பார்வையாளர்களும் வந்து உட்காருவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதிவேடு மறுபடி சுற்றி வந்தால், பயிற்சி நடந்த பிறகு ஒப்பமிடுகிறோம் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்!