காளாஞ்சகப் படை: கடை வைத்திருப்போர் அறிய வேண்டியவை

அரியமங்கலம் பகுதியில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த பையனை அண்மையில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். திருட்டோ, வம்போ இல்லை. முழங்கையில் வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. அதைப் பார்த்து ஒரு அம்மாள் முகம் சுளித்து, வாங்கிய பருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “வியாபாரம் கெட்டுப் போகும் அண்ணாச்சி, நான் என்ன செய்வது?” என்றார் கடைக்காரர். நான் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினேன். பத்து வருடமாக அவருக்குச் சரக்குப் போடுகிற கை அது. அவர் பேசவில்லை.

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப் படை என்பதும், ஆங்கில மருத்துவத்தில் சொரியாசிஸ் என்பதும் ஒன்றே. நம் தோலின் மேல்படலம் அடியில் உருவாகி மேலே வந்து உதிர்வதற்குச் சுமார் 28 நாட்கள் ஆகும். இந்த நோயில் அது நாலைந்து நாளிலேயே நடந்துவிடுகிறது. பழைய சரக்கு விற்பதற்குள் புது லோடு வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் கிட்டங்கி வாசலில் மூட்டை அடுக்கிக் கிடக்கும் அல்லவா? செதில் சேருவதும் அப்படித்தான். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி வழி தவறி, தோலைத் தூண்டிவிடுவதே காரணம். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது. இதில் ஒட்டிக்கொள்ளும் கிருமி எதுவும் கிடையாது. கை கொடுத்தாலும், ரூபாய் நோட்டை வாங்கினாலும், ஒரே டம்ளரில் டீ குடித்தாலும் தொற்றாது. 2014இல் உலக சுகாதார அமைப்பின் பேரவை நிறைவேற்றிய தீர்மானமே இதைத் தொற்றாத, நாட்பட்ட நோய் என்றும், முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை என்றும் கூறுகிறது. படர்தாமரை வேறு, அது தொற்றும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர். கல்லாவில் இருக்கும் நாம் அல்ல.

தீர்க்கும் மருந்து இல்லை என்ற இடத்தில்தான் நான் ஏமாந்தேன். பல வருடங்களுக்கு முன், லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்த்த ஒருவரிடம் பொடி வாங்கித் தின்றேன். மூன்றே வாரத்தில் தோல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பார்த்தவர்களிடமெல்லாம் அவரைப் புகழ்ந்தேன். பொடி தீர்ந்தது, ஆளும் ஊரில் இல்லை. பத்து நாளில் உடம்பு முழுக்கச் சிவந்து, குளிர் நடுக்கம் கண்டு, ஆஸ்பத்திரியில் படுத்தேன். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். உள்ளுக்குச் சாப்பிடும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் இந்த நோய் இப்படித்தான் சீறும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். பெயரும் லைசென்ஸ் எண்ணும் இல்லாத சரக்கை நாம் கடையில் வைப்போமா? வயிற்றுக்குள் மட்டும் ஏன் போட வேண்டும்? மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பும் அப்படியே. சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணையே போட்டது.

இனி, இயற்கை வைத்தியம். நம் நாட்டில் இதற்குப் பேர் பெற்றது வெட்பாலை. சென்னபட்டணத்து மரப் பொம்மைகள் செய்கிறார்களே, அதே மரம். பச்சை இலையைக் கையால் கிள்ளி, சம எடை தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் சில நாட்கள் வெயிலில் வைப்பார்கள். எண்ணெய் கருநீலமாக மாறும். இலையில் அவுரி போன்ற சாயம் இருப்பதே காரணம். சட்டையில் பட்டால் போகாது. பூசும் நேரத்துக்கென்று பழைய பனியன் ஒன்று தனியே இருக்கட்டும். எனக்கு அரிப்பும் செதிலும் இதனால் நன்றாகக் குறைந்தன. நோய் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியதும் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. வீட்டில் காய்ச்ச முடியாதவர்கள் அரசு சித்த மருத்துவப் பிரிவில் காட்டிக் கேட்கலாம். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு.

எண்ணெயை விடப் பெரிய பலன் பழக்கத்தை மாற்றியதில் கிடைத்தது. இந்த நோயில் தோல் எங்கே உராய்கிறதோ, கீறுகிறதோ அங்கே புதிதாகப் படை எழும். நாள் முழுக்க மேஜையில் முழங்கையை ஊன்றிக் கணக்கு எழுதுகிறோம். சாக்கு மூட்டையைத் தோளில் ஏற்றுகிறோம். நான் மேஜையில் மெத்தைத் துணி போட்டேன். மூட்டை தொடும்போது முழுக்கைச் சட்டை. மிளகாய் வற்றல் அள்ளிய கையோடு சொறிவதில்லை. குளித்து ஈரம் முழுதும் உலர்வதற்கு முன்பே தேங்காய் எண்ணெய் தேய்க்கிறேன். செதிலைப் பீர்க்கங்கூடால் தேய்த்து எடுப்பது கூடவே கூடாது. காலை வெயில் சிறிது நேரம் நல்லது; தோல் கன்றும் அளவுக்கு வேண்டாம்.

புகையும் குடியும் இதை வளர்க்கும். தொண்டைப் புண், மனக் கவலை, உடல் பருமன் ஆகியவையும் அப்படியே. ரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகளால்கூட அதிகமாகலாம். அதற்காக நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கத்தரிக்காய், கருவாடு கரப்பான் பண்டம் என்று பெரியவர்கள் விலக்குவார்கள். எனக்குக் கருவாட்டில் வித்தியாசம் தெரிந்தது, கத்தரிக்காயில் தெரியவில்லை. அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விரல் மூட்டு வீங்கி, காலையில் பிடித்துக்கொண்டால் எண்ணெயை நம்பி இருக்காதீர்கள். இந்த நோய் மூட்டையும் அரிக்கும். தாமதித்தால் விரல் கோணிவிடும். புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தோல் டாக்டரைப் பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுவது. தினமும் போட்டு உயிர் இழந்தவர்கள் உண்டு. நான் கல்லாவுக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில் ஞாயிறு தோறும் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தப் பையன் இப்போது என் கிட்டங்கியில் எடை போடுகிறான்.