வெள்ளை படுவது நோயா?

"எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது" என்று யாரோ சொல்லக் கேட்டுப் பயந்து போன இளம்பெண்கள் பலர். வெளியே சொல்ல வெட்கம். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் மனதுக்குள் குமைகிறார்கள். கண்ட லேகியங்களுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

இந்தப் பயம் தேவை இல்லாதது. எலும்பு உருகுவதும் இல்லை. உடம்பின் சத்து ஒழுகுவதும் இல்லை. களைப்பும் மெலிவும் இருந்தால், அதற்கு ரத்த சோகை போன்ற வேறு காரணம் இருக்கலாம். வெள்ளையின் மேல் பழியைப் போட்டால், உண்மையான நோய் மறைந்து நின்றுவிடும்.

இயற்கையின் காவல்

கருப்பையின் வாயிலும் பிறப்பு உறுப்பிலும் ஊறும் நீர்தான் வெள்ளை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதும் இதுவும் தொடங்குகிறது. ஆகவே, பூப்படைவதற்குச் சில மாதங்கள் முன்பே சிறுமிகளுக்கு இது காணலாம்.

பிறப்பு உறுப்பில் நன்மை செய்யும் கிருமிகள் உண்டு. 1892-ம் ஆண்டில் டோடர்லைன் என்ற ஜெர்மன் டாக்டர் இவற்றைப் பற்றி எழுதினார். பாலைத் தயிராக்கும் கிருமிகளின் இனம் இவை. இவை உண்டாக்கும் புளிப்பு, நோய்க் கிருமிகளை அண்ட விடுவதில்லை. சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உட்புறத்தைக் கழுவினால் இந்தக் காவல் கெட்டுவிடும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

எப்போது அதிகம்?

அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாட்கள் முன்பு கருமுட்டை வெளிப்படுகிறது. அதை ஒட்டிய நாட்களில் வெள்ளை அதிகமாகும். கோழி முட்டையின் வெள்ளைக் கருவைப் போல் தெளிவாக, நூல் இழுக்கும். பிறகு கெட்டியாகிக் குறையும். கர்ப்ப காலத்திலும் இது கூடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் சிலருக்கும் அப்படியே.

டாக்டரிடம் போகவேண்டியது எப்போது?

அரிப்புடன் தயிர்க் கட்டி போல வந்தால், அது பெரும்பாலும் காளான் கிருமியின் வேலை. நீரிழிவு உள்ளவர்களுக்கும், ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் இது எளிதில் வரும். மீன் வாடையுடன் சாம்பல் நிறமாக வந்தால், நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகிவிட்டன என்று கொள்ளலாம். நுரையோடு மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால், உடலுறவால் தொற்றும் நோயாக இருக்கலாம். அப்போது கணவனுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டால் நோய் திரும்பி வரும்.

ரத்தம் கலந்து வந்தாலோ, காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மகள் பூப்படையும் வயதை நெருங்கும்போதே தாய் இதை எடுத்துச் சொல்லவேண்டும். அந்த நாலு வார்த்தை, பல வருட வேதனையைத் தடுத்துவிடும்.